வோல்வோ வி70 ஆர்: எஞ்சினா, சஸ்பென்ஷனா, முதலில் பழுது பார்ப்பதா?

வோல்வோவின் வேகமான ஸ்டேஷன் வேகனான வி70 ஆர் ஒன்றைப் பழையதாக வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஈசியு டியூன் போட்டால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?” ஈசியு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, டியூன் என்பது அதன் மென்பொருளை மாற்றுவது. அடுத்த கேள்வி, காரைத் தாழ்த்த எந்தக் காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) நல்லது என்பது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. வோல்வோ இந்தக் காரைப் புதிதாகக் கொடுத்தபோது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது. அதைப் பற்றி யாரும் ஆசையோடு கேட்பதில்லை. வீட்டு கராஜில் ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் வைத்துக்கொண்டு தானே வேலை செய்கிறவர் இந்த மூன்றில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு போடுகிற ஊர். என் கணக்கில் துருவுக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டேஷன் வேகனை வேகக் காராக்கும் ஆசை வோல்வோவுக்கு 1990களிலேயே வந்துவிட்டது. 1994இல் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டியில், டாம் வாக்கின்ஷா ரேசிங் அணியோடு சேர்ந்து, தங்கள் 850 மாடலின் எஸ்டேட்டையே, அதாவது வேகனையே, பந்தயத்தில் இறக்கினார்கள். ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ் இருவரும் ஓட்டினார்கள். வெற்றி ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த வருடமே செடானுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் அந்த வேகனைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. 1995இல் போர்ஷே எஞ்சினியர்களின் கையும் பட்டு 850 டி-5ஆர் வந்தது. அதன் பிறகு 850 ஆர், முதல் தலைமுறை வி70 ஆர். நான் இங்கே பேசுவது அதற்கும் அடுத்தது, 2003 முதல் 2007 வரை வந்த இரண்டாம் தலைமுறை வி70 ஆர். டாஷ்போர்டில் நீல முகம் கொண்ட மீட்டர்கள், சில கார்களில் ஆரஞ்சு நிறத் தோல் இருக்கைகள். பின் இருக்கையை மடித்தால் ஒரு வீட்டுச் சாமானே ஏற்றலாம்.

எஞ்சின் 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர், கே24 டர்போ, 300 குதிரைத்திறன். ஆறு கியர் மேனுவல் காருக்கு 400 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). 2005 வரை வந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் காருக்கு 350தான். கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் வோல்வோவே குறைத்து வைத்தது. 2006இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோதுதான் அதற்கும் 400 கிடைத்தது. ஹால்டெக்ஸ் என்ற, பின்சக்கரத்தைத் தேவைக்கேற்ப இணைக்கும் கிளட்ச் அமைப்பு வழியாக நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும். நான்கு சக்கரத்திலும் பிரெம்போவின் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், 330 மில்லிமீட்டர் டிஸ்க்குகள். ஷாக் அப்சார்பர்கள் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. 2003இல் ஒரு குடும்பக் காருக்கு இது மிகப் பெரிய பட்டியல்.

இந்தப் பட்டியல்தான் இன்றைய சிக்கலும். கடைசியாக வந்த காருக்கே இப்போது ஏறக்குறைய இருபது வயது. அந்த வயதில் ஒவ்வொரு தனிச்சிறப்பும் தனித்தனியாகத் தேயும். டியூன் போட்ட கார் வேகமாகப் போகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அது இன்னும் நான்கு சக்கரத்தில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டிய நிலை.

நான் மிகைப்படுத்தவில்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் பாதையில், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், ஆங்கிள் கியர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. கியர்பாக்ஸையும் அந்தப் பெட்டியையும் இணைப்பது பற்கள் வெட்டிய ஒரு சிறிய உலோக வளையம். ஸ்லீவ் என்பார்கள். அதன் பற்கள் காலப்போக்கில் துருப்பிடித்துத் தேய்ந்து மொத்தமாக வழுக்கிவிடும். அப்போது பெரிய சத்தமும் வராது, பல நேரம் எச்சரிக்கை விளக்கும் எரியாது. கார் முன்சக்கரத்தில் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட காரை “ஆல் வீல் டிரைவ்” என்றே விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முன்சக்கரம் சுற்றினால் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கீழே போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம். தடையில்லாமல் முழுச் சுற்று சுற்றினால் ஸ்லீவ் போய்விட்டது. பாகம் சின்னது, விலையும் மிதமானது. ஆனால் ஆங்கிள் கியரைக் கழற்றி எடுப்பது ஒரு நாள் வேலை. உப்பு தின்ற போல்ட்டுகள் இருந்தால் இரண்டு நாள்.

இந்த வேலைக்கு எந்தக் கவர்ச்சியும் கிடையாது. எக்ஸாஸ்ட் சத்தம் மாறாது, பார்ப்பவர் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனாலும் முதலில் பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்கிறேன். டியூன் போட்டு 50 குதிரைத்திறன் கூட்டினாலும், அது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போனால் முன்டயர்தான் தேயும்.

ஹால்டெக்ஸ் பக்கம் இன்னும் எளிது. பின் டிஃபரென்ஷியலோடு சேர்ந்திருக்கும் அந்த அமைப்பில் தனி ஆயிலும் தனி ஃபில்டரும் இருக்கின்றன. இரண்டையும் மாற்ற ஒரு சனிக்கிழமை காலை போதும். வாங்கிய காரில் முந்தைய உரிமையாளர் இதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே, காரின் வயிற்றில், தண்ணீரும் உப்பும் நேராகத் தெறிக்கும் இடத்தில் டெம் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கிறது. அது போனால் நான்கு சக்கர ஓட்டமும் போகும். இந்தப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். டீலரிடம் புதிதாக வாங்குவதை விட அது பெரிய மிச்சம்.

எஞ்சினில் இரண்டு விஷயம் தள்ளிப்போடக் கூடாதவை. ஒன்று டைமிங் பெல்ட். இந்த ஐந்து சிலிண்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஒரே பெல்ட்டில் ஓட்டாதீர்கள். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் கூடவே மாற்றிவிடுங்கள், இரண்டாவது முறை பிரிக்கும் உழைப்பு மிச்சம்.

இன்னொன்று பிசிவி. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பாதை. இன்டேக் மானிஃபோல்டுக்குக் கீழே ஒரு ஆயில் பெட்டியும் சில ரப்பர் குழாய்களும்தான். ஆயில் கசடு சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். சோதிக்க ஒரு ரப்பர் கையுறை போதும். எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கையுறையை வாய்மேல் மாட்டுங்கள். உள்ளே இழுத்தால் நல்லது. கையுறை ஊதிப் பெருத்தால் பிசிவி வேலை காத்திருக்கிறது. டர்போ அழுத்தத்தை ஏற்ற நினைப்பவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் டியூனருக்குப் பணம் அனுப்பக் கூடாது. அடைப்பு இருக்கும் எஞ்சினில் பூஸ்ட் கூட்டுவது ஆயில் கசிவைக் காசு கொடுத்து வாங்குவது.

ஷாக் அப்சார்பர்: மூன்று வழிகள்

இங்கேதான் உண்மையான முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் எது சரி என்பது ஓரளவு தெளிவு. இதில் ஒவ்வொருவருக்கும் பதில் மாறும்.

இந்தக் காரின் ஷாக் அப்சார்பர்கள் ஃபோர்-சி என்ற அமைப்பைச் சேர்ந்தவை. ஓலின்ஸும் மன்ரோவும் வோல்வோவோடு சேர்ந்து உருவாக்கியது. காரின் உடலிலும் சக்கரங்களிலும் உள்ள சென்ஸார்களைப் படித்து, நொடிக்கு 500 முறை ஒவ்வொரு ஷாக்கின் இறுக்கத்தையும் மாற்றும். டாஷ்போர்டின் மேல் மூன்று பட்டன்கள்: கம்ஃபர்ட், ஸ்போர்ட், அட்வான்ஸ்ட். கடைசிப் பட்டனை அழுத்தி ஒன்டாரியோவின் கிராமச் சாலையில் போனால் முதுகெலும்பு ஒவ்வொரு ஒட்டுப் போட்ட பள்ளத்தையும் எண்ணும். ஆனால் நல்ல சாலையில், ஸ்போர்ட்டில், வளைவுகளில் இந்தக் கனமான வேகன் திரும்பும் அழகு இருக்கிறதே, அதற்காகவே காரை வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இத்தனை வருடத்தில் அசல் ஷாக்குகள் ஆயில் கசிந்தோ வாயு இழந்தோ தளர்ந்திருக்கும். பட்டனை மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது. இந்த நிலையில் மூன்று வழி.

முதல் வழி, அதே ஃபோர்-சி ஷாக்குகளைப் புதிதாக வாங்கிப் போடுவது. கார் வோல்வோ நினைத்தபடி ஓடும், மூன்று பட்டனும் வேலை செய்யும், எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. வேலையும் நேரடியானது, பழையதைக் கழற்றி ஒயரைப் பிடுங்கிப் புதியதை மாட்டுவதுதான். பிரச்சினை விலை. நான்கு ஷாக்கும் புதிதாக வாங்கினால், பழைய வி70 ஆர் ஒன்றின் சந்தை மதிப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நாளாக நாளாகக் கிடைப்பதும் அரிதாகிறது. காரை இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறவர், அதன் அசல் தன்மையை மதிப்பவர், துருவில்லாத நல்ல காரை வைத்திருப்பவர், இவர்களுக்கு இது சரி. பிரித்த காரிலிருந்து எடுத்த பழைய ஷாக்கை வாங்கி மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அதற்கும் அதே வயதுதான்.

இரண்டாவது வழி, பில்ஸ்டைன், கோனி போன்ற நல்ல கம்பெனிகளின் சாதாரண ஷாக்குகளைப் போடுவது. சாதாரணம் என்றால் எலக்ட்ரானிக்ஸ் இல்லாதது, தரத்தில் குறைந்தது அல்ல. செலவு பல மடங்கு குறையும். இழப்பு, பட்டன்கள் வெறும் பட்டன்களாகிவிடும். ஷாக்கின் ஒயர் இணைப்பு இல்லாததால் டாஷ்போர்டில் சேஸிஸ் செட்டிங் பற்றிய எச்சரிக்கை நிற்கும். வோல்வோவின் மென்பொருள் வழியாகவோ, ஷாக்கின் மின்தடையைப் போலிக்கும் ரெசிஸ்டர்களை இணைத்தோ அதை அணைக்கிறார்கள். காரின் தன்மை கம்ஃபர்ட்டுக்கும் ஸ்போர்ட்டுக்கும் நடுவே ஒரே இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த ஒரே இடம் நல்ல இடம். தேய்ந்த ஃபோர்-சியை விட நல்ல நிலையில் உள்ள சாதாரண ஷாக் எல்லா விதத்திலும் மேல்.

மூன்றாவது வழி காயில்ஓவர். பிசி ரேசிங் போன்றவர்கள் இந்தக் காருக்கே செய்து தருகிறார்கள். உயரத்தை விருப்பப்படி மாற்றலாம், இறுக்கத்தைக் கையால் திருகி வைக்கலாம், கார் பார்க்கத் தாழ்ந்து அழகாக நிற்கும். எச்சரிக்கை விளக்குப் பிரச்சினை இதிலும் அப்படியே. ஆனால் இது வேகன் என்பதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள் அதிகம். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் ஒரு வாரத்து மளிகை, மேலே சைக்கிள் என்று ஏற்றியதும் தாழ்த்திய பின்பக்கம் இன்னும் தாழும். டயர் வீல் ஆர்ச்சில் உரசும், ஸ்பிரிங் அதன் எல்லைக்குப் போய் இடிக்கும். இதன் உடன்பிறப்பான எஸ்60 ஆர் செடானுக்கான செட்டையும் வேகனுக்கான செட்டையும் ஒன்றாக நினைத்து வாங்காதீர்கள். பின் ஸ்பிரிங் எடை தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். உப்பு ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: உயரம் மாற்றும் திருகு வளையங்கள் இரண்டு குளிர்காலத்தில் இறுகிப்போகும். கோடையில் மட்டும் ஓட்டும், சுமை ஏற்றாத, தனி ஆளின் காருக்குக் காயில்ஓவர் பொருந்தும். தினசரி ஓடும் குடும்ப வேகனுக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு என் தேர்வு இரண்டாவது வழி, அதுவும் அசல் உயரத்திலேயே. பட்டன்களின் மீதுள்ள பாசம் எனக்குப் புரியும். ஆனால் கசிந்த ஷாக்கோடு பட்டனை அழுத்துவதில் அர்த்தமில்லை. மிச்சமாகும் பணத்தில் முன்பக்க லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், மேல் மவுண்ட், ஸ்பிரிங் சீட் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அந்த வயது வோல்வோக்களில் ஸ்பிரிங் சீட் ரப்பர் நைந்து ஸ்டியரிங் திருப்பும்போது டொக் டொக்கென்று சத்தம் வருவது மிகச் சாதாரணம். ஷாக்கை மட்டும் மாற்றி இவற்றை விட்டால் புதிய ஷாக்கின் பலனில் பாதிகூடத் தெரியாது.

வீட்டில் செய்பவருக்கு ஒரு எச்சரிக்கை. முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி) பிரிக்க ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். மலிவான ஸ்பிரிங் கம்ப்ரஸரில் கை வைக்காதீர்கள். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் எலும்பு முறியும், சில நேரம் அதைவிட மோசமாகவும் முடியும். ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனால், சுவரில் பதித்த கம்ப்ரஸரில் ஸ்பிரிங்கை மாற்றித் தருவார்கள். அதற்கு ஆகும் சிறு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். காருக்குக் கீழே போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்ட் வைப்பதும் அப்படியே. எல்லாம் மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

தடித்த ஆன்டி ரோல் பார் இதன் அடுத்த கட்டம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருக்கும் ஐபிடி நிறுவனம் பல வருடமாக வோல்வோக்களுக்கு இதைச் செய்து வருகிறது. வளைவில் உடல் சாய்வது குறையும், சவாரி அவ்வளவாகக் கெடாது. ஆனால் முன்பக்கப் பாரை மாற்ற எஞ்சினுக்குக் கீழே இருக்கும் சட்டமான சப்ஃபிரேமைக் கீழே இறக்க வேண்டும். வேறு காரணத்துக்காகச் சப்ஃபிரேமை இறக்கும்போது சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம்.

எஞ்சின்: எளிதாகக் கிடைக்கும் பவர்

டியூனிங்கை நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலே சொன்னவை எல்லாம் முடிந்த காரில் மிதமான ஈசியு டியூன் ஒன்று கொடுக்கும் சந்தோஷம், செலவழித்த பணத்தோடு ஒப்பிட்டால் வேறெதிலும் கிடைக்காது. இந்தக் காரின் மூளை பாஷ் எம்இ7. முன்பக்கம், எஞ்சின் பகுதியின் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சிறிய கருவி ஒன்றால் இழுத்து எடுத்துவிடலாம். தபாலில் டியூனருக்கு அனுப்பினால் புது மென்பொருளோடு திரும்பி வரும். கழற்றாமலேயே டயக்னாஸ்டிக் சாக்கெட் வழியாக ஏற்றுகிறவர்களும் உண்டு. ஸ்பேனரே தேவைப்படாத வேலை.

அந்த எளிமைதான் ஆபத்தும். டர்போ எஞ்சினில் மென்பொருளை மாற்றி டார்க்கை ஏற்றுவது எளிது. அந்த டார்க்கைத் தாங்க வேண்டியவை பழைய கிளட்ச், பழைய ஸ்லீவ், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பழைய குழாய்கள். குழாய்களை முதலில் பாருங்கள். ரப்பர் உப்பி மென்மையாகியிருந்தால் அழுத்தம் ஏறியதும் பிளந்துவிடும். ஸ்வீடனின் டோ88 நிறுவனம் செய்யும் சிலிக்கான் குழாய்கள் இந்த இடத்தில் நல்ல முதலீடு. வீட்டில் ஒரு பிற்பகலில் மாட்டலாம், டியூன் போடாவிட்டாலும் பயன்தான். அவர்களின் பெரிய இன்டர்கூலரும் கோடை வெயிலில் வித்தியாசம் காட்டும். அசல் இன்டர்கூலர் சூடேறினால் ஈசியு தானே பவரைக் குறைத்துவிடும். டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்) மாற்றுகிறவர்கள் கேட்டலிடிக் கன்வெர்டரை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி அது குற்றம், இங்கே ஒன்டாரியோவிலும் அனுமதி கிடையாது. கட்டாயப் புகைச் சோதனை 2019இல் நின்றுபோனதால் சட்டமும் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

மேனுவல் காரின் கிளட்ச் டியூனுக்குப் பிறகு உயர்ந்த கியரில் வழுக்க ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கும். மாற்ற வேண்டுமென்றால் சப்ஃபிரேமை இறக்கி, ஆங்கிள் கியரை எடுத்து, கனமான கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். லிஃப்ட் இல்லாத வீட்டு கராஜில் இந்த ஒரு வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டியூனின் விலையைக் கணக்கிடும்போது கிளட்சின் விலையையும் ஒர்க்‌ஷாப் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரடியாகச் சொல்கிறேன்: வேண்டாம். வோல்வோ 350இல் நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பணத்தில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிவிட்டு சஸ்பென்ஷனுக்குப் போங்கள்.

பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் என்று போகிறவர்கள் சிலிண்டர் சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய 2.3 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சினில் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 81 மில்லிமீட்டர். 2.5இல் 83. கேட்க இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் சுவர் அந்த அளவுக்கு மெலிந்துவிட்டது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே அதிக டார்க் தரும்படி டியூன் போட்டு, மேட்டில் உயர்ந்த கியரில் முழு ஆக்சிலரேட்டர் அழுத்துகிறவர்களின் எஞ்சினில் லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) விரிசல் விடுவது தெரிந்த நோய். இதே குடும்பத்து 2.5 எஞ்சினைப் பயன்படுத்திய ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டியிலும் இதே கதைதான். அங்கே சிலிண்டர்களுக்கு இடையில் உலோகத் துண்டுகளைச் செருகி பிளாக்கை வலுப்படுத்துகிறார்கள். அதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டும். 400 குதிரைத்திறனைத் தாண்டி ஆசைப்படுகிறவர் அந்தச் செலவுக்கும் தயாராகவே தொடங்க வேண்டும். மிதமான டியூன் போதும் என்பவர், டார்க்கைக் கீழ் ஆர்பிஎம்மில் குவிக்காமல் மேலே நிதானமாக ஏற்றித் தரும்படி டியூனரிடம் கேளுங்கள். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று புரியாத டியூனரிடம் இந்த எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரெம்போ இருக்கும்போது பெரிய பிரேக் கிட் வீண். பழைய டாட் 4 திரவத்தில் ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள், காலிப்பர் ஊசிகளின் துருவைத் துடைத்து எடுங்கள். அவ்வளவுதான்.

டயரில் மட்டும் சமரசம் கூடாது. 18 அங்குலச் சக்கரத்துக்கு 235/40. நான்கும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டினால் சுற்றளவு வித்தியாசத்தில் ஆங்கிள் கியரும் ஹால்டெக்ஸும் ஓயாமல் உழைக்கும். டயர் கடையில் “முன்னால் மட்டும் மாற்றினால் போதும்” என்பார்கள். இந்தக் காருக்கு அது பொருந்தாது.

இந்த வரிசையை மாற்ற வேண்டிய சிலரும் உண்டு. துருவில்லாத ஊரிலிருந்து வந்த, ரசீதுக் கட்டோடு கிடைத்த, ஸ்லீவும் பெல்ட்டும் அண்மையில் மாறிய மேனுவல் கார் என்றால் நேராக ஷாக்குக்குப் போகலாம். ஷாக்கும் புதிது என்றால் டியூனை இன்றே போடுங்கள். ஏற்கெனவே யாரோ டியூன் போட்ட காரை வாங்குகிறவர், யார் போட்டது, எந்த ஃபைல் என்று தெரியாவிட்டால், அசல் மென்பொருளைத் திரும்ப ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் உண்மையான நிலை அப்போதுதான் தெரியும். கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைகிறதா, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் குழாய் கல்லாக இறுகுகிறதா என்றும் பாருங்கள். அந்த அறிகுறிகள் இருந்தால் லைனரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். அந்தக் காரில் ஷாக்குக்கும் டியூனுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன், பிரஷர் டெஸ்ட் செய்துகொடுக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள்.